சுவர் நின்றது, கடை போனது: அமெரிக்க டவுன்டவுன் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்க நகரங்களில் ‘டவுன்டவுன்’ என்று வழங்கும் மைய வணிகப் பகுதியின் பழைய கடைகளைப் பற்றியும், அங்கு இன்றும் நிற்கும் புகழ்பெற்ற கட்டடங்களைப் பற்றியும் வாசகர்கள் பலர் கேட்டிருந்தார்கள். பொருள் ஒன்றே என்பதால் அந்தக் கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

கேள்வி: ‘டவுன்டவுன்’ என்ற சொல்லில் ‘டவுன்’ இரண்டு முறை வருகிறதே, ஏன்? ஊரின் தாழ்வான பகுதி என்று பொருளா?

பதில்: முதலில் வரும் ‘டவுன்’ திசையைக் குறிப்பது, அடுத்து வருவதுதான் ஊர். சொல் பிறந்த இடம் நியூயார்க். அந்நகரம் மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் துறைமுகத்தை ஒட்டித் தோன்றியது. இருபுறமும் ஆறு என்பதால் வடக்கு நோக்கி மட்டுமே அது வளர முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வசதி படைத்தவர்கள் வடக்கே வீடு கட்டிக்கொண்டு போனார்கள். கப்பல் வணிகமும் வங்கிகளும் பங்குத் தரகர்களும் தெற்கிலேயே இருந்தனர். காலையில் தெற்கே ‘இறங்கி’ வேலைக்குப் போய் மாலையில் வடக்கே திரும்பியவர்களின் பேச்சில் வந்த சொல் இது. பிற நகரங்கள் இதை எடுத்துக்கொண்டபோது திசைப் பொருள் உதிர்ந்துபோய், மைய வணிகப் பகுதி என்ற பொருள் மட்டும் நின்றது.

இந்தச் சொல்லில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. வீடு ஓரிடத்திலும் தொழில் வேறிடத்திலும் என்று பிரிந்த பிறகே டவுன்டவுன் என்ற ஒன்று உண்டானது. மக்கள் வந்து திரும்பும் இடம் அது. ஆகவே அவர்களை எந்த வண்டி கொண்டுவந்து சேர்க்கிறது என்பதைப் பொறுத்தே அதன் வாழ்வும் தாழ்வும் அமைந்தன. கீழே வரும் பதில்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பெரிய கடைகள் எல்லாம் ஒரே தெருவில் நெருக்கியடித்துக்கொண்டு அமைந்தது எப்படி? போட்டிக்காரனை விட்டு விலகி இருப்பதுதானே வியாபாரிக்கு நல்லது?

பதில்: அரிசி, விறகு போன்ற அன்றாடப் பொருள்களுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். துணி, நகை, மேசை நாற்காலி ஆகியவற்றை வாங்குகிறவர் அப்படியல்லர். நாலு கடை ஏறி இறங்கி, விலையும் தரமும் ஒத்துப் பார்த்தே வாங்குவார். அவர் தெருவுக்கு வருவது பக்கத்துக் கடையை நம்பியும்தான். தனியே ஒதுங்கி நின்ற கடைக்கு அந்தக் கூட்டத்தில் பங்கு கிடைக்காது.

இதற்கு ஒரு தொடக்கப் புள்ளி சொல்ல வேண்டுமானால், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய அலெக்சாண்டர் டர்னி ஸ்டூவர்ட் 1846-இல் நியூயார்க்கின் பிராட்வே சாலையில் திறந்த துணிக்கடையைச் சொல்லலாம். ‘பளிங்கு மாளிகை’ என்றே அதை மக்கள் அழைத்தார்கள். பேரம் பேசாமல் எல்லோருக்கும் ஒரே விலை என்ற வழக்கத்தை அவர் கடைப்பிடித்தார். விலை முன்கூட்டியே தெரிவதால் கடைக்குள் நுழைவதற்குத் தயக்கம் இல்லாமல் போயிற்று. வாங்காமல் பார்த்துவிட்டுப் போவதும் கௌரவக் குறைவாக இல்லை. துணியோடு பல துறைப் பொருள்களையும் ஒரே கூரையின்கீழ் விற்கும் பேரங்காடிகள் பிற்பாடு எழுந்ததற்கு இந்த வழக்கம் பெரிதும் உதவியது.

கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது தண்டவாளம். குதிரைகள் இழுத்த டிராம்களுக்குப் பதிலாக மின்சார டிராம் ஓடலாம் என்பதை 1888-இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்பிரேக் நடத்திக் காட்டினார். அதன் பிறகு சில ஆண்டுகளுக்குள் நகரங்கள் பலவற்றில் டிராம் பாதைகள் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து மையத்தில் கூடின. சிகாகோவில் தூண்கள்மீது செல்லும் இருப்புப்பாதை 1897-இல் மையப் பகுதியைச் சுற்றி ஒரு வளையமாக மூடியது. அந்தப் பகுதிக்கே இன்று ‘லூப்’ என்றுதான் பெயர். புறப்படும் இடம் எதுவானாலும் வந்து இறங்கும் இடம் ஒன்றே என்றால், அந்த இறங்குமிடத்தில் நிலத்தின் விலை எப்படி ஏறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நிலம் விலையேறியதும் கட்டடம் உயர வேண்டியிருந்தது. அதற்குத் தடையாக இருந்தவை மனிதனின் கால்களும் செங்கல்லின் பாரமும். படியேறத் தயங்கியவர்களால் மேல்மாடிகளுக்கு மதிப்பில்லாமல் இருந்தது. எலிஷா ஓட்டிஸின் நிறுவனம் 1857-இல் பிராட்வேயில் ஹாவட் என்ற பீங்கான், கண்ணாடிப் பொருள் கடையில் பயணிகளுக்கான லிஃப்ட் ஒன்றைப் பொருத்தியது. கட்டடத்துக்கு ஐந்தே தளங்கள்தாம். ஆனாலும் கயிறு அறுந்தாலும் விழாத பெட்டி என்ற அந்தப் புதுமை மேல்தளத்தின் மதிப்பையே மாற்றிவிட்டது. சிகாகோவில் 1885-இல் வில்லியம் ல பேரன் ஜென்னி கட்டிய ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் பத்துத் தளங்களின் பாரத்தை உலோகச் சட்டகத்தின்மீது ஏற்றிக் காட்டியது. சுவருக்குச் சுமை குறைந்ததால் கீழ்த்தளத்தில் அகன்ற கண்ணாடிச் சாளரங்கள் வைக்க முடிந்தது. கடைவீதியை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்கும் இன்பம் அங்கே பெருகியதில் இந்தப் பொறியியலுக்கும் பங்கு உண்டு. ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் 1931-இல் இடிக்கப்பட்டுவிட்டது. ஹாவட் கட்டடம் இன்றும் நிற்கிறது.

கேள்வி: பழைய அமெரிக்க வங்கிகளின் படங்களைப் பார்த்தால் தூணும் படிக்கட்டுமாகக் கோயில்போல இருக்கின்றன. வங்கிக்கு எதற்கு அவ்வளவு பெரிய தோற்றம்?

பதில்: வங்கி முறிந்தால் வைப்புத்தொகைக்கு நாடு முழுவதற்குமான காப்பீடு இல்லாத காலம் அது. ‘இந்த வங்கி ஓடிப்போகாது’ என்று வாடிக்கையாளருக்குச் சொல்லக் கல்லைவிட நல்ல சாட்சி வேறில்லை. 1933-ஆம் ஆண்டின் வங்கிச் சட்டம் வைப்புத்தொகைக் காப்பீட்டை ஏற்படுத்திய பிறகு அந்த நம்பிக்கையைச் சுவர் தர வேண்டிய அவசியம் குறைந்தது. 1954-இல் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் ஒரு வங்கி முழுக்கக் கண்ணாடியால் கட்டடம் எழுப்பி, பெட்டகத்தின் இரும்புக் கதவைத் தெருவில் போகிறவர் கண்ணில் படும்படியே வைத்தது. கட்டட பாணி மாறுவதற்குக் கலை ரசனையோடு சட்டமும் காரணமாகலாம் என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

கேள்வி: ஐயா, இவ்வளவு செழித்த டவுன்டவுன் கடைகள் ஏன் மூடப்பட்டன? மால்கள் வந்து அழித்துவிட்டன என்கிறார்கள். அது மட்டும்தான் காரணமா?

பதில்: மால்கள் ஒரு காரணம். ஆனால் அந்த மால்களைக் கட்டியவர்கள் யார் என்று பார்த்தால் வரலாறு இன்னும் வேதனை தருவதாக இருக்கிறது.

டெட்ராய்ட் நகரை எடுத்துக்கொள்ளலாம். உட்வர்ட் அவென்யூவில் இருந்த ஹட்சன்ஸ் பேரங்காடி 400 அடிக்கு மேல் உயரமும் ஏறத்தாழ 22 லட்சம் சதுர அடிப் பரப்பும் கொண்டிருந்தது. நியூயார்க்கின் மேசீஸ் கடைக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய பேரங்காடி அது. அந்த நிறுவனமே விக்டர் குருன் என்ற வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞரைக் கொண்டு 1954-இல் நகருக்கு வெளியே நார்த்லேண்ட் என்ற மாபெரும் வணிக மையத்தைத் திறந்தது. மினியாபோலிஸ் டவுன்டவுனின் பெரிய கடையான டேட்டன்ஸ் நிறுவனமும் அதே குருனை அழைத்து, 1956 அக்டோபரில் இடைனா என்ற புறநகரில் சவுத்டேலைத் திறந்தது. கூரை மூடிய, உள்ளே வெப்பநிலையைச் சீராக வைத்திருந்த முதல் மால் அதுவே. ஆக, டவுன்டவுனின் தலைமைக் கடைகளே தம் வாடிக்கையாளரைப் பின்தொடர்ந்து வெளியே போயின.

வாடிக்கையாளர் ஏன் வெளியே போனார்? 1934-இல் தொடங்கிய கூட்டரசின் வீட்டுக்கடன் காப்பீடு புதிய புறநகர் வீடுகளுக்குத் தாராளமாகவும், நகருக்குள் இருந்த பழைய பகுதிகளுக்கு, அதிலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு, மிகவும் கஞ்சத்தனமாகவும் கிடைத்தது. 1956 ஏப்ரலில் டெட்ராய்ட்டில் கடைசி டிராம் ஓடியது. அங்கு ஓடிய நல்ல வண்டிகளை மெக்சிகோ நகரம் வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு ஜூனில் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கான கூட்டரசுச் சட்டம் நிறைவேறியது. எல்லாப் பாதையும் மையத்தில் கூடும் என்ற பழைய கணக்கு அத்தோடு முடிந்தது. காரில் வருகிறவருக்கு முதலில் வேண்டியது நிறுத்துமிடம். டவுன்டவுனில் இல்லாத பொருளும் அதுதான். அந்த இடத்துக்காக அடுத்தடுத்துக் கட்டடங்களை இடித்தார்கள். நடந்து பார்ப்பதற்கு இருந்த கடைவரிசையில் பல் விழுந்ததுபோல் இடைவெளிகள் தோன்றின.

1950-இல் 18,49,568 பேர் வாழ்ந்த டெட்ராய்ட்டில் 2010-இல் 7,13,777 பேரே இருந்தனர். ஹட்சன்ஸ் 1983 ஜனவரியில் மூடப்பட்டு, 1998 அக்டோபர் 24 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆண்டுகள் பல வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தில் 2017 இறுதியில் பணி தொடங்கிப் புதிய வானளாவி ஒன்று எழுந்திருக்கிறது. அதற்கும் ஹட்சன்ஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதே நகரின் மிச்சிகன் தியேட்டரைப் பற்றியும் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. ஹென்றி ஃபோர்டு 1896-இல் தம் முதல் மோட்டார் வண்டியைச் செய்த சிறு பட்டறை இருந்த இடத்தில், 1926-இல் சுமார் 4,000 இருக்கைகளோடு அந்த அரங்கு எழுந்தது. படம் பார்க்க வருவோர் குறைந்து அரங்கு மூடப்பட்டபோது, ஒட்டியிருந்த அலுவலகக் கட்டடத்துக்குச் சேதம் வரும் என்பதால் அதை முழுவதும் இடிக்க முடியவில்லை. 1977-இல் உள்ளே தளங்கள் போட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். பூவேலை செய்த மேற்கூரை இன்றும் மேலே இருக்கிறது. கீழே கார்கள் நிற்கின்றன.

குருன் தம் வாழ்நாளிலேயே இந்த விளைவைக் கண்டு வருந்தினார் என்பதையும் குறிப்பிட வேண்டும். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் 1959-இல் டவுன்டவுன் தெருவொன்றில் வண்டிகள் செல்வதைத் தடுத்து நடப்பவர்களுக்கு மட்டும் ஒதுக்கியது அவர் வகுத்த திட்டத்தை ஒட்டித்தான். 1998-இல் அங்கே மீண்டும் வண்டிகளை விட்டார்கள். வருகிறவர் குறைந்த தெருவில் வண்டியையும் தடுத்தது உதவவில்லை.

கேள்வி: பழைய கடைவீதிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அவற்றைப் பொற்காலமாகவே எழுதுகிறார்கள். அந்தக் கடைகளுக்குள் கறுப்பின மக்கள் சமமாக நுழைய முடிந்ததா?

பதில்: முடியவில்லை. இந்தக் கேள்வியை எழுப்பியதற்கு நன்றி. டவுன்டவுன் வரலாறு எழுதுவோர் பலர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

ஐந்து சென்ட், பத்து சென்ட் பொருள்களை விற்றே பெரும் பணம் சேர்த்த ஃபிராங்க் வுல்வொர்த் 1913-இல் நியூயார்க்கில் 792 அடி உயரக் கட்டடத்தைக் கடனில்லாமல் எழுப்பினார். 1930 வரை உலகிலேயே உயரமான கட்டடம் அது. நாடெங்கும் இருந்த அவருடைய நிறுவனத்தின் கடைகளில் சிற்றுண்டி மேசையும் உண்டு. தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் அந்தக் கடைகளில் காசு கொடுத்துப் பற்பசை வாங்கலாம். மேசையில் உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்க முடியாது. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கல்லூரி மாணவர்கள் முதலில் சில பொருள்களை வாங்கி இரசீதைப் பெற்றுக்கொண்டு, பிறகு அந்த மேசையில் அமர்ந்து காப்பி கேட்டார்கள். கொடுக்க மறுத்தும் எழுந்திருக்கவில்லை. அடுத்தடுத்த நாள்களில் மாணவர்கள் திரண்டனர். போராட்டம் பிற நகரங்களுக்கும் பரவியது. அதே ஆண்டு ஜூலை 25 அன்று அந்த மேசை எல்லோருக்கும் திறந்தது. கடை பிற்பாடு மூடப்பட்டது; கட்டடம் 2010 முதல் குடிசார் உரிமைகள் அருங்காட்சியகமாக இருக்கிறது.

மைய வீதி மறுத்த மக்கள் தமக்கென வீதிகளை அமைத்துக்கொண்டதும் உண்டு. ஓக்லஹோமாவின் டல்சா நகரில் கறுப்பின வணிகர்கள் வளர்த்த கிரீன்வுட் பகுதியை 1921 மே 31, ஜூன் 1 ஆகிய இரு நாள்களில் வெள்ளையர் கும்பல்கள் எரித்தன. 35 தெருத்தொகுதிகள் சாம்பலாயின. மக்கள் மீண்டும் கட்டினார்கள். பிற்காலத்தில் ‘நகரப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் நடந்த இடிப்பும் குறுக்கே வந்த நெடுஞ்சாலையும் இரண்டாம் முறை அதைச் சிதைத்தன. கூட்டரசு நிதியோடு நடந்த இத்தகைய இடிப்புகளில் பறிபோனவற்றுள் பெரும்பகுதி ஏழைகளின், சிறுபான்மையினரின் வீடும் கடையுமே. எந்தக் கட்டடம் ‘அடையாளச் சின்னம்’ என்று பட்டியலில் ஏறியது, எது ஏறாமலே மறைந்தது என்று பார்க்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

கேள்வி: பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்துவிட்டால் பழைய கடைகளைக் காப்பாற்றிவிடலாம் அல்லவா?

பதில்: கட்டடத்தைக் காப்பாற்றலாம். கடையைக் காப்பாற்ற அந்தச் சட்டத்தால் முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதே இந்தப் பொருளில் நாம் அடிக்கடி செய்யும் பிழை என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டம் எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நியூயார்க்கில் 1910-இல் திறந்த பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963 அக்டோபரில் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த இழப்பு ஏற்படுத்திய கொந்தளிப்பு 1965-இல் நகரின் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்துக்கு வேகம் தந்தது. அடுத்த ஆண்டு தேசிய அளவிலும் ஒரு சட்டம் வந்தது. கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேலே அலுவலகக் கோபுரம் கட்ட ரயில் நிறுவனம் அனுமதி கேட்டு வழக்காடியபோது, 1978-இல் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு நகரம் தன் சின்னங்களைக் காக்க உரிமையாளரின் விருப்பத்துக்கு வரம்பு விதிக்கலாம் என்பது அதன்பின் ஐயமின்றி நிலைபெற்றது.

ஆனால் சட்டம் பார்ப்பது கல்லையும் மரத்தையும் உலோகத்தையும். சிகாகோவின் ஸ்டேட் தெருவில் மார்ஷல் ஃபீல்ட்ஸ் பேரங்காடியின் மூலையில் தொங்கும் பெரிய கடிகாரத்தின் கீழே சந்திப்பது தலைமுறை தலைமுறையாக அந்நகர மக்களின் வழக்கம். 2006 செப்டம்பரில் அந்தக் கடை மேசீஸ் என்று பெயர் மாறியபோது மக்கள் தெருவில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கடிகாரம் இருக்கிறது, வாசலில் பழைய பெயர் பொறித்த பலகையும் இருக்கிறது, கடையின் பெயர் திரும்பவில்லை. ஃபிலடெல்ஃபியாவின் வானமேக்கர் பேரங்காடிக் கட்டடத்தில் 1904-ஆம் ஆண்டின் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியிலிருந்து வாங்கிவந்த வெண்கலக் கழுகும், 28,000-க்கு மேற்பட்ட குழல்கள் கொண்ட இசைக்கருவியும் உள்ளன. ‘கழுகடியில் சந்திப்போம்’ என்பது அந்த ஊர்ப் பேச்சு. வானமேக்கர் பெயர் முன்பே போய்விட்டது. அங்கு கடைசியாக நடந்த மேசீஸ் கடையும் 2025 மார்ச்சில் மூடியது. ஸ்டூவர்ட்டின் பளிங்கு மாளிகைகூட இடிபடவில்லை. பின்னர் நாளிதழ் அலுவலகமாக இருந்து, இன்று நகராட்சியின் கட்டடத் துறைக்கு இடமாகிவிட்டது.

இவை வீண் என்று நான் சொல்லவரவில்லை. இடிந்துபோவதைவிட வேறு பயனுக்கு வருவது எவ்வளவோ மேல். சான்று பெற்ற பழைய கட்டடத்தைச் சீரமைக்கும் செலவில் 20 சதவிகிதத்தைக் கூட்டரசு வரியில் கழித்துக்கொள்ளலாம் என்ற விதி, பல பேரங்காடிகள் குடியிருப்பாகவும் விடுதியாகவும் மாற உதவியிருக்கிறது. ஆனாலும் தொழிலை நேராகத் தாங்கும் முயற்சியைத்தான் நான் கூடுதலாக மதிக்கிறேன். சான் பிரான்சிஸ்கோ நகரம் 2015-இல் அப்படி ஒரு பதிவேட்டை ஏற்படுத்தியது. பொதுவாக 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் அந்நகரில் நடந்துவரும் தொழில்கள் அதில் இடம்பெறலாம். பதிவு பெற்ற கடைக்கு நிதியுதவி உண்டு. அக்கடைக்குப் பத்தாண்டு குத்தகை எழுதித்தரும் கட்டட உரிமையாளருக்கும் உதவி உண்டு. பழைய கடையை மூடவைப்பது பெரும்பாலும் வாடகைதான் என்பதை அறிந்து, அந்த இடத்திலேயே கைவைத்த திட்டம் இது.

கேள்வி: அமெரிக்க நகரமொன்றில் பழைய கட்டடத்தில் குடியிருக்கிறேன். கீழ்த்தளத்தில் முன்பு என்னென்ன கடைகள் இருந்தன என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் சான்பார்ன் வரைபடங்களைப் பாருங்கள். தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக 1867 முதல் வரையப்பட்டவை இவை. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரத்துக்கு மஞ்சள், கல்லுக்கு நீலம் என்று நிறம் தீட்டி, எந்த இடத்தில் பட்டறை, எதில் அச்சகம், எதில் துணிக்கடை என்றும் குறித்திருப்பார்கள். புதிதாக ஒரு கட்டடம் எழுந்தால் பழைய தாளின்மேல் திருத்தத் துண்டை ஒட்டிவிடுவது வழக்கம் என்பதால், தாளின் ஆண்டை மட்டும் நம்பாமல் திருத்திய ஆண்டையும் பாருங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இவற்றின் பெருந்தொகுப்பை இணையத்தில் வைத்திருக்கிறது.

அடுத்து, உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் ‘சிட்டி டைரக்டரி’ என்ற ஆண்டுத் தொகுதிகளைக் கேளுங்கள். பெயர் வரிசையிலும், பிற்காலத் தொகுதிகளில் தெரு வரிசையிலும், கடைக்காரர்களும் தொழில்களும் அவற்றில் இருப்பார்கள். ஆண்டுதோறும் ஒரே முகவரியைத் தொடர்ந்து பார்த்தால் எந்தக் கடை எப்போது வந்து எப்போது போனது என்று தெரிந்துவிடும். கதவிலக்கம் மாறியிருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சிகாகோ 1909-இலும், மையப் பகுதிக்கு மட்டும் 1911-இலும், எண்களை மாற்றியமைத்தது. இது தெரியாமல் தேடினால் வேறொருவர் கட்டடத்தின் வரலாற்றை உங்களுடையதாக எழுதிவிடுவீர்கள்.

கட்டடத்தையும் சுற்றி வந்து பாருங்கள். முகப்பில் வார்ப்பிரும்புத் தூண் இருந்தால் அதன் அடியில் வார்ப்படச் சாலையின் பெயர் இருக்கலாம். பக்கச் சுவரில் ஈயம் கலந்த வண்ணத்தால் எழுதிய பழைய விளம்பரம் மங்கலாகத் தெரியக்கூடும். மழை ஓய்ந்து செங்கல் ஈரமாக இருக்கும்போது அந்த எழுத்து இன்னும் தெளிவாகப் படிக்கக் கிடைக்கும். பக்கத்துக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், இடித்த மறுநாளே போய்ப் படம் எடுத்துவிடுங்கள். அதுவரை மறைந்திருந்த சுவரில் ஒரு கடையின் பெயர் இருந்தால், புதிய கட்டடம் எழும்பி அதை மூடும் வரைதான் அது கண்ணுக்குத் தெரியும்.